காரப்பொடி என்று நினைத்துப் போட்ட கொசுறு

முதல் நாள் ஐஸ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் மீனுக்கு ஐஸ் போட்டேன். உயிரோடு இருந்த மீனுக்கு.

வண்ணமீன் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது. காசிமேட்டில் இருபத்திரண்டு வருடம் மீன் கூடை வைத்து உட்கார்ந்தவள் நான். முழங்கால் தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டும் என்ற நிலைமை வந்தது. அப்போது என்னிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்கும் அன்வர் பாய், ராயபுரத்தில் இருக்கும் தன் வண்ணமீன் கடைக்கு என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

"உனுக்குத் தெரியாத மீனாக்கா? வந்து நின்னா போதும்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் செத்த மீன் என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

காலையில் மீன் பேக்கிங் செய்வது எப்படி என்று பாய் ஒரு தடவை காட்டினார். கவரில் தண்ணீர், அதில் மீன், மேலே ஆக்சிஜன், முறுக்கி ரப்பர் பேண்டு. சுலபம்தான். மதியம் மீஞ்சூர்க்காரர் ஒருவர் ஆறு மோலி மீன் வாங்கினார். பாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நானே கட்டினேன். வெளியே நல்ல வெயில். மீஞ்சூர் போய்ச் சேர்வதற்குள் மீன் கெட்டுப்போய்விடாதா? பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு கை ஐஸ் வாங்கிவந்து கவருக்குள் போட்டு, மனசு திருப்தியாக முறுக்கினேன்.

அவர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா, மீனு படுத்துகினு கீது?"

"அலைச்சல் சார். வூட்டாண்ட போனா எய்ந்துக்கும்" என்றேன்.

பாய் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். "யக்கா! அதுக்கு வெறைச்சிப் போச்சு! இது கொயம்புக்குப் போற மீனு இல்ல, வூட்ல வளரப் போற மீனு!"

ஆறில் நாலு பிழைத்தது. அதே வாரம் ஒரு வாடிக்கையாளர் "மீனு ஆரோக்கியமா கீதா?" என்று கேட்க, நான் கோல்டு ஃபிஷ்ஷைக் கையில் பிடித்துச் செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு, ரத்தச் செவப்பு" என்றேன். அவர் அதன்பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று கேள்வி

பாய் ஒரு ஃபில்டர் டப்பாவின் அட்டையைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் மூன்று கேள்வி எழுதி என் கண்ணுக்கு எதிரே ஒட்டினார். எவ்ளோ பெருசாகும்? இன்னா துன்னும்? யாரோட ஒத்துப்போகும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு மீனையும் இன்னொரு மீனோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

நான் அட்டையைப் பார்க்காமல் மீனின் லட்சணத்தைப் பார்த்தே கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடையில் சங்கராவையும் நண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவை சண்டையா போடுகின்றன? விரல் நீள ஆஸ்கர் ஒன்றை, கப்பி என்ற பொடிமீன்கள் இருந்த ஒருவரின் தொட்டிக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தவர், "ஆஸ்கர் சூப்பரா கீதும்மா. மத்ததத்தான் காணோம்" என்றார். ஆஸ்கர் ரொம்பத் திடகாத்திரமாக இருந்ததாகவும் சொன்னார்.

இப்படி ஒரு வருடம் அடிபட்டு மிதிபட்டு, அட்டையில் இருந்தது ஒருவழியாக மண்டையில் ஏறியது. ஏறிவிட்டது என்று நான் நம்ப ஆரம்பித்தபோதுதான் தாமோதரன் வந்தார்.

அத்திப்பட்டுக்காரர்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கன்வேயர் பக்கம் வேலை. வெள்ளிக்கிழமை லீவு. ரெண்டடித் தொட்டி, மணல், ஒரு லைட் வாங்கினார். "மீனு?" என்றேன்.

"மீனு அப்பால பாத்துக்கலாம்மா. மொதல்ல செடி நிக்குதானு பாக்கணும்."

மீன் கடைக்கு வந்து மீன் வேண்டாம் என்றவர் அவர் ஒருவர்தான். ஏன் என்று கேட்டதும், கூச்சத்தோடு சொன்னார்.

"எங் வூட்டுக்காரி வசந்தாவுக்கு செடின்னா உசுரு. எங்க தெருவுல கரி லாரி போய்கினே கீது. வாசல்ல ரோஜா, தொளசி, குரோட்டன்ஸ்னு வெச்சா. காலைல ஈரத்துணி வெச்சி ஒவ்வொரு எலையா தொடப்பா. சாய்ங்காலம் பாத்தா மறுபடி கருப்பு. ஒண்ணொண்ணா பூடுச்சி. எங் கைல பச்ச நிக்காதுன்னு சொல்லி, தொட்டியெல்லாம் தூக்கிக் கடாசிட்டா. இப்ப வாசப்பக்கமே வர்றதில்ல." பிறகு கேட்டார். "தண்ணிக்குள்ள வெச்சா எலைல கரி படியாது இல்ல?"

படியாது என்றேன். அந்த ஒரு பதிலை மட்டும் நான் சரியாகச் சொன்னேன்.

வாலிஸ்னேரியா, லுட்விஜியா, ஓரத்துக்கு அனூபியஸ் என்று தண்ணீர்ச் செடிகளாக வாங்கிப்போனார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார். முதல் மாதம் செடி மஞ்சளடித்தது. ரெண்டாவது மாதம் வேர் பிடித்தது. நாலாவது மாதம் லுட்விஜியா தண்ணீர் மட்டத்தைத் தொட்டு, நுனி சிவந்து நின்றது. நட்டதெல்லாம் வசந்தாதான், இடுக்கி வைத்து ஒவ்வொன்றாக. "நா தண்ணி தூக்கிக் குடுத்ததோட சரி. இப்ப பூண்டு உரிக்கறதுகூட அது முன்னாடி குந்திகினுதான் உரிக்கிறா" என்று அவர் சொன்னபோது, பாய் எனக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு மீன் தேர்வு. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட நாங்கள் அவ்வளவு யோசித்ததில்லை. நான் கோல்டு ஃபிஷ் என்றேன். "செடிய கீரப் பொரியல்னு நெனச்சிக்கும். மணலையும் கெளறி வெச்சிடும்" என்றார் பாய். ஏஞ்சல் என்றேன். "சின்ன மீனு அது வாய்ல பூந்துச்சின்னா அவ்ளோதான், நாஷ்டா." டைகர் பார்ப் என்றேன். "அது மத்ததோட வால கடிச்சிகினே திரியும்." தாமோதரன் எங்கள் ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வெள்ளிக்கிழமை கழித்து முடிவானது. நடுத் தண்ணீரில் கூட்டமாகச் சுற்ற எட்டு கார்டினல் டெட்ரா. அடி மணலில் மேய நாலு கோரி. மேலே ஒரே ஒரு ஹனி குராமி. எதுவும் மூன்று விரற்கடைக்கு மேல் பெரிதாகாது, எதுவும் செடியைத் தொடாது, எதுவும் எதனோடும் வம்புக்குப் போகாது. தாமோதரன் குராமி ரெண்டாகக் கேட்டார். "ஒண்ணு போதும் சார். ரெண்டு ஆம்பள ஒரே வூட்ல இருந்தா பேஜாரு" என்று நானே சொன்னேன். பாய் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

கை அரிப்பு

மீன் கூடைக்காரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூறு கட்டிப் பையில் கொட்டிய பிறகு, மேலே ஒரு சின்ன மீனோ ரெண்டோ கொசுறாகப் போட வேண்டும். போடாவிட்டால் வாங்குபவர் நகர மாட்டார். அதைவிட முக்கியம், போடாவிட்டால் எங்கள் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருடம் அப்படிப் போட்ட கை என்னுடையது. வண்ணமீன் கடைக்கு வந்த பிறகும் கவரைக் கட்டுமுன் ஒரு கப்பியைக் கூடுதலாக விட்டுவிடுவேன். பாய் பார்த்துவிட்டு, "கப்பிதான, போட்டுத் தொலை. வேற தொட்டில மட்டும் கைய வெக்காத" என்று விட்டுவிட்டார்.

தாமோதரன் மீன் வாங்க வந்த வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நான் பட்டியலைப் பார்த்து எட்டு, நாலு, ஒன்று என்று எண்ணி விட்டேன். ஒரு தப்பும் இல்லை. கவர் வாயை முறுக்கப்போனபோது கை அரித்தது. ஐந்து மாதமாக அலைந்த மனிதர், அவரை வெறும் கையோடு அனுப்புவதா? கப்பி தொட்டியில் அன்று வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றியிருந்தது. பக்கத்துத் தொட்டியில் வட்டமாக, தட்டையாக, பளபளவென்று ஒரு சின்ன மீன் கூட்டம். முந்தின நாள் வந்த சரக்கு.

பார்த்தால் காரப்பொடி மாதிரியே இருந்தது. காரப்பொடி என்றால் கடலில் கிடைக்கும் வெள்ளிக்காசு மாதிரியான பொடிமீன். காசிமேட்டில் நாங்கள் கொசுறுக்கென்றே ஒதுக்கி வைப்பது. அதனால் யாருக்கு என்ன கெடுதல் வரும்? ஒன்று போட்டால் கஞ்சத்தனமாக இருக்கும் என்று ரெண்டாகப் போட்டேன். எதிரே அட்டையில் மூன்று கேள்வியும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

"இது இன்னாமா?" என்றார் தாமோதரன்.

"கொசுறு சார். எங் கணக்கு."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது இன்றைக்கும் குத்துகிறது.

"இந்த ரெண்டு பேர் யாரு?"

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மூன்றாவது வாரம் பாயின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு.

"பாய், மீனெல்லாம் நல்லா கீது. செடிதான் இல்ல. நா லைட்ட மாத்திப் பாத்தேன், ஒரம் போட்டுப் பாத்தேன். வசந்தா சொல்றா, எங் கைதான் ராசி இல்லாத கையி, வாசல்லயும் நிக்கல, தண்ணிக்குள்ளயும் நிக்கலன்னு. தொட்டி மேல துண்டு போட்டு மூடிட்டா. நா இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

போட்டோவில் மணலில் குச்சி குச்சியாகத் தண்டுகள். ஓரத்தில் அனூபியஸ் மட்டும் கெட்டி இலையோடு தப்பித்து நின்றது. பாய் படத்தைப் பெரிதாக்கினார்.

"யக்கா, இந்த ரெண்டு பேர் யாரு?"

எட்டிப் பார்த்தேன். என் காரப்பொடிகள். மூன்று வாரத்தில் கன்னம் உப்பி நன்றாகக் கொழுத்திருந்தன.

"தெர்ல பாய். தண்ணியோட வந்துருக்கும்."

"சில்வர் டாலர் தண்ணியோட வருமா? தட்டு சைஸுக்கு வளரும்க்கா அது. சோறே செடிதான் அதுக்கு. ரெண்டடித் தொட்டி அதுக்கு ஒரு வேள சாப்பாடு."

இனி பொய் சொல்ல இடமில்லை. கொசுறு போட்டதைச் சொன்னேன். பாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன்ல சொல்லிட்றேன். செடி அனுப்பிடலாம்" என்றார்.

"வேணாம் பாய், நா போறேன்" என்றேன். அந்தப் பெண் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குற்றவாளிக் கை என்னிடம் இருக்கிறது. இதை எப்படிப் போனில் காட்டுவது?

அத்திப்பட்டில் ஒரு மீன்பிடிப்பு

பாய் கொடுத்த செடிப் பொட்டலம், ஒரு கை வலை, ஒரு காலி டப்பா எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அத்திப்பட்டில் இறங்கி வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியதும், ஒத்திகை முழுக்க மறந்துவிட்டது.

வசந்தாதான் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் தாமோதரன், அதற்கும் பின்னால் துண்டு போட்டு மூடிய தொட்டி.

"நாந்தாம்மா மீன் கடக்காரி. உஞ் செடிய துன்னது நான்" என்றேன்.

அவள் பயந்து புருஷனைப் பார்த்தாள். பிறகு ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னேன். ஜும்மா, கப்பி தொட்டி, காரப்பொடி எல்லாவற்றையும். தாமோதரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வசந்தா என்னைத் திட்டவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எங் கைல ஒண்ணும் இல்லியாக்கா?"

"உங் கைல ஒண்ணும் இல்லம்மா. எங் கைலதான் கோளாறு."

அவள் போய்த் துண்டை எடுத்தாள். லைட்டைப் போட்டாள்.

இனி என் மானம் போன கதை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கடலில் வலை வீசிய குடும்பம் என்னுடையது. ரெண்டடித் தொட்டியில், ரெண்டு விரல் அகல மீன் ரெண்டை, முக்கால் மணி நேரம் பிடிக்க முடியவில்லை. வலையை இடது பக்கம் விட்டால் வலது பக்கம் போகும். வலது பக்கம் விட்டால் என் முழங்கைக்குக் கீழே புகுந்து போகும். அனூபியஸைப் பிடுங்கிவிடக் கூடாது, டெட்ராவை இடித்துவிடக் கூடாது. சேலை தோள்வரை நனைந்து, தரையெல்லாம் தண்ணீர். தாமோதரன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

அப்போது கரண்ட் போனது.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்து வீடு அது. "எங்குளுக்கு மட்டும் இப்டித்தான்" என்றார் தாமோதரன். சின்ன ஜன்னல், வீட்டுக்குள் இருட்டு. தொட்டியில் எல்லா மீனும் அப்படியே நின்றுவிட்டன. வெளிச்சம் போனால் மீன் படுத்துவிடும் என்பது பாய் எனக்கு எத்தனையோ தடவை சொன்னதுதான், நான்தான் மறந்திருந்தேன். வசந்தா செல்போன் டார்ச்சை ஓரமாகக் காட்டினாள். வலையைக்கூட எடுக்கவில்லை, ஒரு டம்ளரை இறக்கி ரெண்டையும் மொண்டு எடுத்தேன். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. பிடித்ததை என் திறமை என்று அவர்களிடம் சொல்லப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

பிறகு செடி நட வேண்டும். "நீயே நட்டுட்டுப் போக்கா. நா தொட மாட்டேன்" என்று வசந்தா தள்ளி நின்றாள். சரி என்று கையை விட்டேன். மீன் அரிந்து அரிந்து தடித்த விரல். நான் ஒரு தண்டை மணலில் அழுத்தினால் முன்பு அழுத்தியது மேலே மிதந்து வந்தது. அதை அழுத்தினால் இது வந்தது. ஆறு தண்டு நட்டேன், ஏழு மிதந்தது. கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை.

"தள்ளுக்கா. வேரோட ஒடச்சி வெக்கிற நீ."

இடுக்கியை எடுத்து, என்னை இடுப்பால் ஓரம் தள்ளி, ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தாள். நான் அதை வேண்டுமென்றே சொதப்பினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை, எனக்கு உண்மையிலேயே நட வரவில்லை. ஆனால் அந்த அறையில் ஈரச்சேலையோடு நின்றுகொண்டு அவள் கையைப் பார்த்தபோது, எனக்கு வராமல் போனதற்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

நாலடித் தொட்டி

சில்வர் டாலர் ரெண்டையும் பாய் விற்கச் சம்மதிக்கவில்லை. இப்போது அவை கடை வாசலில் நாலடித் தொட்டியில், ஒரு செடிகூட இல்லாமல், நான் வீட்டிலிருந்து கொண்டுவரும் கீரையைத் தின்றுகொண்டு வாழ்கின்றன. உள்ளங்கை அகலம் ஆகிவிட்டன. "சின்ன மீனுதான, சேத்துப் போடும்மா" என்று யாராவது சொன்னால், கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்தத் தொட்டி முன் நிறுத்துவேன். பிறகு மூன்று கேள்வியையும் கேட்பேன். நாலாவதாக நானே ஒன்றை அட்டையில் சேர்த்திருக்கிறேன்: அந்தத் தொட்டி முன்னாடி யார் குந்துவாங்க? நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மீன் மீனோடு ஒத்துப்போனால் போதாது, அந்த வீட்டில் ஒருவர் எதை நம்பிக்கொண்டு இருக்கிறாரோ அதோடும் ஒத்துப்போக வேண்டும்.

கொசுறு போடுவதை அன்றோடு நிறுத்தினேன். கை அரிக்கத்தான் செய்தது, சேலையில் துடைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தாமோதரனோடு வசந்தாவும் கடைக்கு வந்தாள். மீன் தீனி ஒரு டப்பா வாங்கினாள். நான் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் நகரவில்லை. பையிலிருந்து ஈரத் துணியில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரித்தேன். வாலிஸ்னேரியா, சிவப்பு நுனி லுட்விஜியா, ஒரு தொட்டிக்கே போதும் அளவுக்கு. ஒரு இலையில்கூடக் கரி இல்லை.

"இன்னாமா இது?"

"கொசுறு. எங் கணக்கு" என்றாள். பிறகு பெரிய சலிப்போடு தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெட்டி மாளலக்கா. காலைல வெட்னா அடுத்த வாரம் மறுபடி நிக்கிது. ஒரே பேஜாரு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் கடைக்கு வந்து குறை சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாளா என்று நான் காத்துக்கொண்டு நின்றது அந்த ஒன்றுக்குத்தான்.